காலிக் குழி

காலை 10.20. மூன்று மீட்டர் ஆழம் தோண்டியாயிற்று. குழியில் ஓர் ஆணிகூட இல்லை.

சாயத் தொழிற்சாலை இருந்த நிலம் அது. கழிவு கசியும் இரும்புப் பீப்பாய்களை எங்கோ புதைத்திருந்தார்கள். மண்ணுக்குள் கிடக்கும் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் காந்தமானியைத் தூக்கிக்கொண்டு நேற்று முழுக்க நடந்து, தோண்ட வேண்டிய இடத்தை வரைபடத்தில் குறித்தவள் அளவைக் குழுவின் தலைவி. பதவி வந்து பதினொரு நாள். அவளுடைய கணவர் அதே குழுவில் உதவியாளர்.

"பெட்டியத் தூக்கிட்டு நடந்துட்டா போதுமா? மூளை வேணாமா?" என்றார் கணவர், எல்லாருக்கும் கேட்கும்படி. "மேலிடத்துல சொல்லிடுறேன். சாயங்காலத்துக்குள்ள வேற தலைவரப் போட்டுடுவாங்க."

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

மண் மாதிரி எடுக்க வந்திருந்த ஆய்வகப் பெண் வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். இரும்பு தென்பட்டுத் தோண்டக் குறித்த பெரிய கறையைத் தவிர, தள்ளி ஒரு சின்னப் புள்ளியும் இருந்தது.

"இது என்னக்கா?"

"பழைய அடிபம்பு. தொடக்கக் கோட்டுலேர்ந்து கிழக்க முப்பது மீட்டர்."

10.45. குழிக்கான இடம் உட்பட எல்லா அளவும் தொடங்கும் அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் மரமுளைகள் நின்றன. ஆய்வகப் பெண் கோட்டிலிருந்து டேப்பை இழுத்தாள். பம்பு வரை இருபதுதான் வந்தது. சந்தேகப்பட்டு மறுபடி அளந்தாள். இருபதேதான்.

"பம்பு நடக்காது. முளைதான் கிழக்க வந்திருக்கு. காலையில யார் யார் உள்ள வந்தீங்க?"

"சார் ஏழு மணிக்கு வந்தார். தண்ணி பாட்டில மறந்துட்டாராம்," என்றார் காவலாளி, கணவரைக் காட்டி. "அப்புறம் இந்த பொக்லைன்காரர். நான் எப்பவும் இங்கதான்."

"வண்டிய விட்டு நான் இறங்கவே இல்ல," என்றார் பொக்லைன் ஓட்டுநர்.

"ஏதாவது லாரி இடிச்சிருக்கும்," என்றார் கணவர்.

11.30. பழைய முளைக்குழிகள் அகப்பட்டன. மண் போட்டு மிதித்து மூடியிருந்தது. ஆய்வகப் பெண் அளந்து முடித்து நிமிர்ந்தாள்.

"லாரி இடிச்சா ஒரு முளை சாயும். காவலாளியோ வண்டிக்காரரோ பிடுங்கியிருந்தா கண்ட இடத்துல நட்டிருப்பாங்க. இங்க ரெண்டு முளையும் சரியா பத்து மீட்டர் நகர்ந்திருக்கு. விரக்கடை பிசகல. ஏமாத்தும்போதுகூட டேப் பிடிக்கிறது அளவைக்காரர் கைதான். நீங்கதான் சார்."

கணவர் முளைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கும் அதே படிப்பு. ஆறு வருஷம் மூத்தவன். வீட்டுல இவ சோறு போடுறப்பகூட எனக்கு இவ பதவிதான் தெரியுது."

12.10. குழிக்கு மேற்கே பத்து மீட்டரில் பொக்லைன் வாளி கணீரென்று இடித்தது. துருப்பிடித்த பீப்பாயிலிருந்து ஊதாச் சேறு வழிந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"வீட்டுல பேசிக்கலாம்," என்றார் கணவர் தணிந்த குரலில்.

தலைவி அளவைப் புத்தகத்தை விரித்து நீட்டினாள்.

"வீட்டுல உங்க பொண்டாட்டி பேசுவா. இங்க தலைவி கேக்குறேன். முளைய நகத்துனது யாருன்னு உங்க கையெழுத்துலயே எழுதுங்க."

பேனா மூடியையும் அவளே திறந்து கொடுத்தாள்.