கறுப்பு வெள்ளைக் கைப்பேசி

மாலை ஐந்து பத்துக்கு மழை விட்டது. பாசிர் பெனம்பாங்கின் தகரக் கூரைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

கடல் உணவுக் கடையின் வாசலில் பிரேமினி குடையை மடக்கினாள். கைப்பேசியை எடுத்து, அம்மா அனுப்பிய படத்தை மறுபடி பார்த்தாள். கட்டம் போட்ட சட்டை. ஒட்ட வெட்டிய தாடி. கீழே அம்மாவின் செய்தி: ‘சாந்தன் இதே சட்டையிலதான் வருவார். வாசலில நிப்பார். சிரிச்ச முகமாப் போ, பிள்ளை.’

படம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் கைப்பேசியில் எல்லாமே சாம்பல்தான். தாள் போன்ற திரை. எழுத்து அச்சடித்ததுபோல் தெரியும். வண்ணம் வராது.

வாசலில் ஒருவன் நின்றான். கட்டம் போட்ட சட்டை. ஒட்ட வெட்டிய தாடி.

அவள் நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

“வணக்கம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கப் பேசாதீங்க.”

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

“இந்தக் கல்யாணத்துல எனக்கு விருப்பம் இல்ல. உங்க மேல கோவம் இல்ல. உங்களை எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா அழுதாங்க, வந்தேன். பொண்ணு பிடிக்கலன்னு நீங்களே வீட்டுல சொல்லிடுங்க. உங்களுக்கும் கௌரவம், எனக்கும் நிம்மதி.”

கூரையிலிருந்து ஒரு சொட்டு அவன் தோளில் விழுந்தது.

“இப்பப் பேசலாமா?” என்றான்.

“பேசுங்க.”

“எங்கம்மா இறால் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. இறால் இந்தாங்கம்மா, வழியில ஒரு பொண்ணு என்னை வேணாம்னுடுச்சுன்னு சொன்னா... வாசல்லயே மயங்கி விழுந்துடுவாங்க.”

அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அடியிலிருந்து நீர் வடிந்தது. மீசைகளோடு இறால்கள் பிதுங்கி நின்றன.

“நீங்க... சாந்தன் இல்லையா?”

“புனிதன்.”

அவளுக்குக் காது சுட்டது. படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். தன் தவறு அல்ல என்பதுபோல.

“இதே சட்டைதானே?”

அவன் குனிந்து பார்த்தான். “அந்த அண்ணன் சட்டை என்ன கலருன்னு தெரியல. என்னோடது பச்சைங்க.”

பச்சைதான். வாழையிலைப் பச்சை. அவள் இப்போதுதான் பார்த்தாள்.

“ஃபோன் பழசா?”

“புதுசு.”

“கலரே வராதா?”

“வராது.”

“வீடியோ?”

“விட்டு விட்டு வரும்.”

அவன் சிரித்தான். பல் தெரிய, தோள் குலுங்க.

பிரேமினி கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். “வெயில்ல தெளிவாத் தெரியும். கண்ணு எரியாது. ராத்திரி என்னைப் பிடிச்சு உட்கார வைக்காது. நான் தேடி வாங்கினது. கடைக்காரர் சிரிச்சாரு, வேலை இடத்துல சிரிக்கிறாங்க, வீட்டுல சிரிக்கிறாங்க. நீங்களும் சிரிச்சாச்சா?”

அவன் சிரிப்பு நின்றது.

“ஃபோனைப் பார்த்துச் சிரிக்கலங்க... அந்தப் படத்துல இருக்குறவரும் நானும் ஒண்ணுன்னு நம்புனீங்களே. அவரு எவ்ளோ அழகா இருக்காரு.”

அவன் கண்கள் பால் விடாத தேநீர் நிறம். அவற்றில் கேலி இல்லை. அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

“சரி, கிளம்புறேன் லா,” என்றான். “இறால் கெட்டுடும். உண்மையான சாந்தன்கிட்டயும் இதே மாதிரி சொல்லுங்க. நல்லா சொன்னீங்க.”

அவளால் அதே மாதிரி சொல்ல முடியவில்லை. சாந்தன் அரக்கு நிறக் கட்டம் போட்ட சட்டையில் வந்தான். கோலாலம்பூரில் கணக்காய்வாளன். பண்பாகப் பேசினான். நண்டின் ஓட்டை அவனே உடைத்துக் கொடுத்தான். சாப்பிட்டு முடித்ததும் அவள் கைப்பேசியைத் தொட்டுப் பார்த்தான்.

“இதை கே.எல்.ல வெளியில எடுத்திடாதைங்கோ,” என்றான். “நான் நல்லதா ஒண்டு வாங்கித் தாறன்.”

வேண்டாம் என்றாள். அவன் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டான். மறுநாளே பெட்டி வீட்டுக்கு வந்தது. எல்லாரும் வைத்திருக்கும் கைப்பேசி. இந்த ஆண்டு மாடல். அப்பா அதைக் கூடத்து மேசையில் வைத்தார். பிரேமினி அதைத் தொடவில்லை.

தஞ்சோங் காராங்கில் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அடுத்த வாரம் புனிதன் வந்தான். கண் சிவந்திருந்தது.

“சொட்டு மருந்து வேணுங்க.” பிறகுதான் நிமிர்ந்தான். “அய்யோ... நீங்களா? மறுபடியும் வேணாம்னு சொல்லிடாதீங்க.”

“கண்ணுல என்ன?”

“சுங்கை பஞ்சாங் வயல்ல ட்ரோன் விட்டு மருந்தடிக்கிறேன். நாள் பூரா வெயில்ல திரையப் பார்க்கணும். ஒண்ணும் தெரியாது. முறைச்சு முறைச்சுப் பார்த்து இப்படி ஆயிடுச்சு.”

“என் ஃபோன் வெயில்லதான் இன்னும் நல்லாத் தெரியும்.”

“அதான் அன்னிக்கே சொன்னீங்களே. இப்பத்தான் புரியுது.”

அவள் சொட்டு மருந்தை எடுத்து வைத்தாள். பக்கத்தில், உடன் வேலை பார்க்கும் தனேஸ்வரி மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கல்யாணம் வேணாம்னு சொன்னவங்ககிட்ட நம்பர் கேக்கலாமா?” என்றான்.

“நீங்க பொண்ணு பார்க்க வரலையே. கேக்கலாம்.”

அன்று மாலை படம் வந்தது. மேலிருந்து எடுத்த வயல்.

‘சாம்பல்’ என்று பதில் போட்டாள்.

‘மறந்துட்டேன். மன்னிக்கணும்.’ கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ‘பச்சை. ஆனா ஒரே பச்சை இல்ல. வாய்க்கால் ஓரம் வெத்தலைப் பச்சை. நடுவுல எலுமிச்சை. அங்க உரம் பத்தல. தூரத்துல ஒரு கொக்கு. அது உங்க ஃபோன்லயும் வெள்ளைதான்.’

பிரேமினி சிரித்தாள். பேருந்து நிறுத்தத்தில், தனியாக.

பிறகு மாலைதோறும் ஒரு படம் வந்தது. கூடவே அவன் நிறங்கள். வானம் பழுத்த பப்பாளி. ஆற்றில் தே தாரிக் தேநீரின் நுரை. மழைக்கு முன்னால் மேகம் கத்தரிக்காய். எல்லாரும் படத்தை அனுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். இவன் அவளுக்காக ஒரு தரம் நின்று பார்த்தான். பிறகு எழுதினான். அந்த நிற்றல் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் அவள் கேட்டதால் தன் முகத்தை அனுப்பினான். இந்தத் திரைக்கு ஒரு குணம். பார்த்த படம் உடனே போகாது. அடுத்த பக்கத்தின் அடியில் மங்கலாகக் கிடக்கும். அவள் அதில் கடையின் மருந்து இருப்புப் பட்டியலைப் பார்த்தபோது இருமல் மருந்துகளுக்கு அடியில் அவன் தாடி இருந்தது. திரையைத் துடைக்க ஒரு பொத்தான் உண்டு.

அவள் அழுத்தவில்லை.

விடுமுறை நாட்களில் சந்தித்தார்கள். ஆற்றங்கரையில் நடந்தார்கள். மழை வந்தால் ஒரே குடை. அவன் குடையை அவள் பக்கமே சாய்ப்பான். அவன் இடது தோள் நனைந்துகொண்டே இருக்கும். விரும்புகிறேன் என்று இருவருமே சொல்லவில்லை.

புனிதனைப் பற்றி, அவன் தோட்டத்துக் குடும்பம் என்பதையும், வீட்டில் அவளே சொன்னாள். வேறு யாரோ சொல்லி அப்பா அறிவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்பா அம்பிகைபாகன் செய்தித்தாளை மடித்தார். “எந்தத் தோட்டம்?”

“புக்கிட் ரோத்தான் பக்கம், அப்பா. எங்கட தாத்தா வேலை செய்த அதே தோட்டம்தான்.”

“ஆற்ற பெடியன்?”

“கங்கா எண்டவவின்ர மகன். பாட்டனார் பேர் செல்லன்.”

“செல்லன்.” அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “எங்கட அப்பா அங்க கந்தோரில கணக்கெழுதின கிராணி. செல்லன் பால்மரம் வெட்டினவன். நீ அவன்ர பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தக் கதிரையில இருத்தப் போறியோ?”

“ஓம்.”

அம்மா குறுக்கே வந்தாள். “உனக்கு விசரே, பிள்ளை? சனிக்கிழமை சாந்தன் வீட்டார் முடிவு பேச வருகினம். அந்தப் பெட்டியை உடைச்சு சிம்மை மாத்து. உந்தச் சிலேட்டை அவையின்ர கண்ணில காட்டாதை.”

“மாத்த மாட்டன்.”

புனிதனிடம் இதைச் சொன்னபோது அவர்கள் படகுத்துறையில் இருந்தார்கள். 

“எங்க தாத்தாவுக்குச் சைக்கிள் இருந்துச்சு,” என்றான். “உங்க தாத்தா எதிர்ல வந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவாராம். அவரு கண்ணுக்கு மறையிற வரைக்கும். எங்கம்மா சின்னப் புள்ளையில பார்த்திருக்காங்க. இன்னும் சொல்வாங்க.”

“அது எனக்குத் தெரியாது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் உங்க வீட்டு வாசல்ல வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டேங்க.”

“யாரு நிக்கச் சொன்னா?”

“உங்கப்பா வேற என்ன செய்யச் சொல்வாரு?”

“எங்கப்பாவை விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்க.”

அவன் பைக்கைக் கிளப்பினான். அவளுக்கும் கோபம். கூப்பிடவில்லை.

அதன் பிறகு மாலைகளில் படம் வரவில்லை.

அவள்தான் எழுதினாள். ‘சனிக்கிழமை வராங்க. அதுக்கு முன்னாடி பேசணும்.’ செய்திக்குப் பக்கத்தில் இரண்டு குறிகள். மற்றவர்கள் கைப்பேசியில், படித்துவிட்டால் அவை நீலமாகும். அவள் கைப்பேசியில் எப்போதும் சாம்பல். படித்தானா, படிக்கவில்லையா...

“அக்கா, என் ஃபோன்ல உங்க கணக்கத் திறந்து பார்ப்போம் லா,” என்றாள் தனேஸ்வரி. “ரெண்டு நிமிஷம். நீலமா இல்லையான்னு தெரிஞ்சிடும்.”

“வேணாம்.”

“ஏன்கா இவ்ளோ பிடிவாதம்? அந்தக் கால்குலேட்டர தூக்கிப் போட்டுட்டு...”

“படிச்சாருன்னு தெரிஞ்சா மட்டும் என்ன ஆகும்? பதில் வரணும், தனேஸ்.”

தனேஸ்வரி மறுபடி மாத்திரை எண்ணத் தொடங்கினாள்.

பதில் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் சாந்தன் தாய் தகப்பனோடு வந்தான். அம்மா வடையும் தேநீரும் வைத்தாள். பெட்டி மேசை நடுவில் இருந்தது, உறை பிரிக்காமல்.

“இன்னும் உடைக்கேல்லையோ?” என்றாள் சாந்தனின் தாய். “எங்கட வீட்டில எல்லாரும் உதுதான் வச்சிருக்கிறம். பிள்ளையையும் குரூப்பில சேர்க்க வேணுமெல்லே?”

“உடைப்பா, உடைப்பா,” என்றார் அப்பா. “பிள்ளை, உடை.”

பிரேமினி பெட்டியை எடுத்தாள். சாந்தன் முன்னால் வைத்தாள்.

“குறை நினைக்காதைங்கோ. அண்டைக்கே வேண்டாமெண்டு சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை.”

“ஒரு ஃபோனுக்காகவோ?” சாந்தன் மெல்லத்தான் கேட்டான்.

“ஃபோனுக்காக இல்லை. எனக்கு எது நல்லதெண்டு இந்தக் கூடத்தில எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. என்னை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்கு இந்தச் சம்மந்தம் வேண்டாம்.”

தேநீர் ஆறியது. சாந்தன் முதலில் எழுந்தான். பெட்டியை எடுத்துக்கொண்டான். கதவருகில் திரும்பி, “விளங்குது,” என்றான். அவள் அவனுக்காக ஒரு கணம் வருந்தினாள்.

கார் போனது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா நின்றபடியே இருந்தார்.

“இவ்வளவு பேருக்கு முன்னால என்ர முகத்தில கரி பூசினாய். ஆருக்காக? அவன் உன்னைக் கட்டுறனெண்டு ஒரு வார்த்தை சொன்னவனோ?”

“இல்லை.”

“பிடிச்சிருக்கெண்டாவது?”

“இல்லை.”

“இந்தக் கிழமை ஒருக்கா எண்டாலும் கதைச்சவனோ?”

“இல்லை, அப்பா.”

அப்பா கசப்பாகச் சிரித்தார். “அப்ப அவனும் வேண்டாமெண்டால்?”

அந்தக் கேள்வி அவளிடமும் இருந்தது. இத்தனை நாளும் அதைத் தொடாமல் வைத்திருந்தாள். இங்கிருந்தே அவனை அழைத்து, அவன் வேண்டாம் என்றால், இந்தக் கூடத்தில், இந்த இரண்டு பேர் முன்னால், அவள் அதைக் கேட்க வேண்டியிருக்கும். தனியாகக் கேட்கலாம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

அவள் சாத்திக்கொள்ளவில்லை. கைப்பேசியை எடுத்தாள். புனிதனின் எண்ணை அழுத்தினாள். பெட்டி இருந்த இடத்தில் அதை வைத்தாள்.

மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. அம்மா, “வேண்டாம் பிள்ளை...” என்றாள்.

எடுத்தான். பின்னால் காற்று. எங்கோ ஒரு டிராக்டர்.

“பிரேமினி?” குரல் உடைந்திருந்தது. “உங்க மெசேஜ் பார்த்தேங்க. எத்தனையோ தரம் எழுதி எழுதி அழிச்சிட்டேன்... இன்னிக்கு அவங்க வந்தாங்களா?”

“வந்தாங்க. வேணாம்னு அனுப்பிட்டேன். உங்களைக் கேட்டு அனுப்பல. நானா அனுப்பினேன்.”

டிராக்டர் நின்றது.

அவள் அப்பாவின் கண்களை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

“புனிதன், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அப்பாவும் அம்மாவும் எதிர்ல நிக்கிறாங்க, எல்லாம் கேக்குது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களைத்தான் கட்டிக்கணும்னு இருக்கு. உங்களுக்கு?”