டிக்கி சொன்ன தீர்ப்பு

விசில்!

காதைக் கிழித்தது.

மாப்பிள்ளை ப்ரேக்கை மிதித்தான். கார் நின்றது. அவன் இதயமும் கூடவே நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி கிளம்பியது.

டிக்கியில் மாமனார். பிணமாக!

ஏரி இன்னும் இரண்டே கிலோமீட்டர்...

ஜன்னலோரம் ஒரு பெரிய மீசை குனிந்தது. போலீஸ்காரர்!

"பின்னாடி லைட்டைப் பார்த்தீங்களா தம்பி?"

"இ... இல்ல சார். நான் முன்னாடி பார்த்துதான் ஓட்டுவேன்."

"கிண்டலா?"

"பயம் சார்!"

"ப்ரேக் பிடிச்சா ப்ரேக் லைட்டு அழுது வடியுது. கூடவே இன்டிகேட்டரும் மங்கலா முழிக்குது. பின்னாடி வர்றவன் என்னன்னு நெனைப்பான்?"

மாப்பிள்ளைக்குக் காலையில் நடந்தது கண் முன்னால் ஓடியது.

அவனும் மாமனாரும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் கார் எலக்ட்ரீஷியன்கள். இதே காரின் இதே லைட்டுக்காகத்தான் காலையில் சண்டை. அவன் ஃப்யூஸ் என்றான். அவர் எர்த் ஒயர் என்றார்.

ஃப்யூஸ்! எர்த்! ஃப்யூஸ்! எர்த்!

கடைசியில் அவன் கையிலிருந்த டார்ச் லைட் பேசிவிட்டது. மண்டையில் ஒரே போடு!

மாமனார் சரிந்தார்.

மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருக்கலாம். தொழில் புத்தி விடுமா? கரண்ட் பார்க்கும் மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் அவர் நெஞ்சில் வைத்தான்.

முள் அசையவில்லை.

ஆள் காலி!

"என்ன தம்பி யோசனை?" மீசை துடித்தது. "ஃபைன் எல்லாம் வேணாம். நானே சரி பண்ணித் தரேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டது. டிக்கியைத் திறங்க."

"வேணாம் சார்!!"

"ஏன்?"

"பூ... பூட்டு சிக்கிக்கிச்சு."

"சரி, நீங்க உள்ள இருந்து ப்ரேக்கை மிதிங்க. நான் பின்னாடி நின்னு சொல்றேன்."

மிதித்தான்.

"முழிக்குது!"

விட்டான்.

"தூங்கிடுச்சு!"

மிதித்தான்... விட்டான்... மிதித்தான்...

"கண்டுபிடிச்சுட்டேன்!" போலீஸ்காரர் கூவினார். "ஃப்யூஸ்!"

மாப்பிள்ளை பயத்தை மறந்தான். ஏரியை மறந்தான். கதவைத் திறந்து துள்ளி இறங்கினான்.

"அப்படிச் சொல்லுங்க சார்! காலையிலிருந்து நானும் அதைத்தானே கத்திக்கிட்டு இருந்தேன். கேட்டாத்தானே!"

"யாரு கேக்கல?"

"என் மாமனார்தான். பெரிய மேதாவி!"

"இப்ப எங்க அவரு?"

"அவரு... இனிமே பேச மாட்டாரு சார்."

டொக்!

டொக்! டொக்!

டிக்கி அதிர்ந்தது.

"எர்த்து மாப்ளே! எர்த்து! ஃப்யூஸ் போயிருந்தா லைட்டு மங்கலாக்கூட எரியாது! எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

அந்த நிலைமையிலும் மாப்பிள்ளைக்கு உரிய மரியாதையில் ஒரு எழுத்துகூடக் குறையவில்லை!

போலீஸ்காரர் சாவியைப் பிடுங்கி டிக்கியைத் திறந்தார். மண்டையில் எலுமிச்சம்பழ வீக்கத்தோடு மாமனார் எழுந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. லைட்டுக்குப் பின்னாலிருந்த போல்ட்டை நகத்தால் சுரண்டினார்.

"பாருங்க சார், எவ்வளவு துரு! எர்த் எப்படி கிடைக்கும்?"

சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு ஒயரை உருவினார். ஒரு முனை லைட்டில், மறு முனை காரின் தகரத்தில்.

"மிதிங்க மாப்ளே."

மாப்பிள்ளை உள்ளே ஏறி மிதித்தான்.

பளீர்! செக்கச்செவேலென்று ப்ரேக் லைட். இன்டிகேட்டர் சாதுவாக அணைந்து கிடந்தது.

மாப்பிள்ளை ஓடி வந்து காலில் விழுந்தான். "மாமா! மன்னிச்சிடுங்க மாமா!"

போலீஸ்காரர் நோட்டை விரித்தார். "ஐயா, இது கொலை முயற்சி. புகார் சொல்லுங்க."

மாமனார் வீக்கத்தைத் தடவிக்கொண்டார். "அடிச்சதை விடுங்க சார். என் பொண்ணு முகத்துக்காக மன்னிச்சுட்டேன்."

"அப்ப கேஸே இல்லையா?"

"யாரு சொன்னா? ஃப்யூஸ்னு சொன்னாரே, அதுக்குப் போடுங்க கேஸ்! ரெண்டாவது குற்றவாளியா உங்க பேரையும் எழுதிக்குங்க!"