மார்புக்குள் நான்காவது

மண் பொம்மையின் மார்பு மூடி சரியாக உட்காரவில்லை. புகழேந்தி இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். ஒரு விரற்கடை அளவுக்குத் தூக்கிக்கொண்டே நின்றது.

அவன் வேலை பார்த்த கப்பல் மெக்சிகோ துறைமுகங்களில் நின்றபோதெல்லாம் சந்தை சந்தையாக அலைந்து அவன் வாங்கிச் சேர்த்த பத்தொன்பது பொம்மைகளில் இதுதான் பெரியது. சம்மணமிட்ட ஒரு பெண், மார்பில் மூடி, திறந்தால் உள்ளே விரல் நீளத்தில் மூன்று குழந்தைகள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்றார் விற்றவர். திருவாரூரில் பார்த்த பேராசிரியரோ, போன வருஷம் செய்ததாகக்கூட இருக்கலாம், எந்த ஊர் மண் என்றே பிடிபடவில்லை என்றார்.

வெளியே நடவு முடிந்த வயல்களின் மேல் மத்தியான மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்வேளூர் வீட்டின் அந்த அறையில், பினாயில் நெடியையும் மீறி, பொம்மைக்குள்ளிருந்து வாய்க்கால் சேற்றின் வாடை கிளம்பி வந்தது.

எட்டு மாதங்களுக்கு முன், வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் அவன் மகள், ஏழு வயது வானதி முழுகிப்போனாள். அவன் அப்போது நடுக்கடலில். வந்து சேர ஆறு நாள் ஆனது. அதற்குள் புதைத்துவிட்டார்கள். "எம் புள்ள மொகத்தப் பாக்கலியே ஈஸ்வரி" என்று அவன் மனைவியிடம் சொல்லி அழாத நாளில்லை.

மூடியை எடுத்தான்.

நான்கு.

நான்காவது, சுடாத களிமண். ஈரம். இரட்டைச் சடை. ஓடும்போது வானதி செய்வதுபோல, பாவாடையை ஒரு பக்கம் தூக்கிச் செருகியிருந்தது. முகம் முழுக்கச் சேறு.

கீழே வைக்க மனம் வரவில்லை.

"என்னங்க, யார்கூட பேசிக்கிட்டு இருக்கீங்க?" அடுப்படியிலிருந்து ஈஸ்வரி. "பாப்பா கொரல் மாதிரி கேட்டுச்சு."

அவன் வாயே திறந்திருக்கவில்லை.

முகம் தெரிய வேண்டும். ஒரே ஒரு தடவை. கட்டைவிரலால் சேற்றை வழித்தான். மெதுவாகத்தான். மூக்கு நுனி தெரிந்தது. ஈஸ்வரியின் மூக்கு. உதடு. இன்னும் கொஞ்சம். கண் மட்டும்.

வந்தது சேறு மட்டுமல்ல. மூக்கு வந்தது. உதடு வந்தது. எல்லாம் அவன் விரலில்.

ஈஸ்வரி அறை வாசலுக்கு வந்துவிட்டாள். "எங்கிட்ட காட்டுங்க."

அவன் உள்ளங்கையில், வாயும் மூக்கும் இல்லாத வழவழத்த தலைக்குக் கீழே, அந்தச் சின்ன மார்பு மூச்சுக்காக எழும்பி எழும்பித் தவித்துக்கொண்டிருந்தது.