கிஜெம்பே போட்டவன்

"யாருய்யா இந்தத் தலைப்பப் போட்ட புண்ணியவான்?"

கரியாகூ முனையில், பாஸி அண்ணனின் பேப்பர் கடைக் கயிற்றில் தொங்கிய விளையாட்டுப் பத்திரிகையைப் பார்த்து ஸுவேனா கத்தினாள். மழை வேறு. பிளாஸ்டிக் கூரைக்கடியில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒண்டிக்கொண்டு, தலைப்புகளை ஓசியில் மேய்ந்துகொண்டிருந்தார்கள். தாருஸ்ஸலாமில் பேப்பர் படிப்பதென்றால் பாதிப் பேருக்கு இவ்வளவுதான்... உள்ளே புரட்டாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

'மசாலா இல்லாத மவானஹாவா! ஸுவேனா வீசிய கிஜெம்பே!'

குத்தல் பேச்சுக்கு இந்த ஊர்ச் சொல், கிஜெம்பே. மந்திரி கொட்டாவி விட்டாலும் கிஜெம்பே, கோச் தும்மினாலும் கிஜெம்பே. அந்த ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொண்டால் பத்திரிகைக்காரர்களுக்குக் கையே ஓடாது போல!

"பாருங்க இந்த அநியாயத்த!" பக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டிருந்தவனிடம் பொரிந்தாள். "பஹாரி ராணிகள் டீம் சார்பா பேப்பர்க்காரங்ககிட்ட பேசுறது நான்தான். எதிர் டீம் கோல்கீப்பர் மவானஹாவாவுக்கு முட்டில அடி. 'அவ இல்லாத மேட்ச் மசாலா இல்லாத பிலாவ் சோறு, சீக்கிரம் எழுந்து வரட்டும்'னுதான் சொன்னேன். வாழ்த்துங்க அது! அவ என் உயிர்த்தோழி... சின்ன வயசுலேருந்து ஒரே தட்டுல சாப்பிட்டவ. இப்ப போன எடுக்க மாட்டேங்கிறா. நாளைக்கு அவளுக்கு ஆபரேஷன்..."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. மையிட்ட பெரிய கண்கள். கோபமும் அழுகையும் அங்கே இடத்துக்குச் சண்டை போட்டன. அவன் பார்த்தான்... பார்த்துக்கொண்டே நின்றான்.

"அது... 'வீசிய'ன்னு போட்டா எடுப்பா இருக்கும்னு..."

"என்னது?"

"இவர்தாம்மா இத்ரீஸா, அந்தத் தலைப்பு போடுற ஆளு," என்றார் பாஸி அண்ணன், காபியை உறிஞ்சியபடி. "ஜனங்க சிரிக்கிறாங்களான்னு பாக்க தினமும் வந்து நிப்பாரு."

ஸுவேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிச்சாங்களா சார்? திருப்தியா? நாளைக்கே தப்புன்னு போடுங்க!"

"முதல் பக்கத்துலயா? எங்க ஆசிரியர் ஒத்துக்க மாட்டார். அப்புறம்... ஆறு வருஷத்துல என் தலைப்பு தப்புன்னு யாரும் சொன்னதில்ல."

"தலைப்ப மட்டும் படிச்சா யாரு சொல்லுவா? கௌரவத்தக் கட்டிக்கிட்டு அழுங்க!"

"மழை... குடையாவது எடுத்துட்டுப் போங்க!"

"உங்க குடையில போறதுக்கு நான் நனைஞ்சே போறேன்!"

போயே விட்டாள். தோளில் போட்ட கங்காத் துணி தொப்பலாக நனைந்தது. 'திமிர் பிடிச்சவன்... ஆனா ஏன் அப்படிப் பார்த்தான்?' சே, இந்த நேரத்தில் இந்த நினைப்பு வேறு! தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் காலை. அதே மழை, அதே கூட்டம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

'ஸுவேனா சொன்னது வாழ்த்து. கிஜெம்பே ஆக்கியது எங்கள் தவறு.' கீழே, அவள் சொன்ன வாக்கியம் முழுதாக, ஒரு சொல்கூடக் குறையாமல். அதற்கும் கீழே இத்ரீஸாவின் பெயர்.

"இதெல்லாம் ஒரு தலைப்பா? ஒரு பேப்பர்கூட போகல," என்று முணுமுணுத்தார் பாஸி அண்ணன்.

கூட்டத்தோடு நின்று படித்துக்கொண்டிருந்த ஸுவேனாவின் போன் அடித்தது.

"ஏய் பைத்தியம்!" மவானஹாவாவின் குரல். "நர்ஸ் இப்பதான் படிச்சுக் காட்டினா. பதினோரு மணிக்கு உள்ள கொண்டுபோறாங்க. பயமா இருக்குடி... வந்து தொலை!"

"வரேன்டி... இதோ வரேன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், தலைக்கு மேல் ஒரு குடை. இத்ரீஸா!

"ஆசிரியர் ஒத்துக்கிட்டாரா?"

"இல்ல. அவர் வீட்டுக்குப் போனதுக்கப்புறம் மாத்திட்டேன். இனிமே எனக்கு மரண அறிவிப்புப் பக்கந்தான்."

"அங்கயாவது செத்தவங்களக் குத்தாம இருங்க."

அவன் சிரிக்கவில்லை. குடைப்பிடியை இறுக்கிக்கொண்டான்.

"ஆறு வருஷமா அடுத்தவங்க சொன்னதையே வெட்டி, ஒட்டிப் போட்டுட்டேன். முதல் தடவையா சொந்தமா ஒண்ணு சொல்லணும்... நேத்து நீங்க நனைஞ்சுட்டே போனதுலேருந்து எனக்கு வேலையே ஓடல. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, ஸுவேனா. ரொம்பப் பிடிச்சிருக்கு."

கூட்டம் தலைப்புகளை விட்டுவிட்டு இவர்களைப் படிக்க ஆரம்பித்தது. ஸுவேனாவின் கன்னம் சூடேறியது. நேற்றிலிருந்து இதைத்தான் நெஞ்சு எதிர்பார்த்துக்கொண்டிருந்ததா? கடவுளே, ஆமாம்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க. அவகிட்ட நேர்ல திட்டு வாங்குங்க." குடைக்குள் நெருங்கி நின்றாள். "எனக்கும் உங்களப் பிடிச்சுத் தொலைச்சிருக்கு. இத எங்கயாவது பாதி வெட்டிப் போட்டீங்க... அவ்வளவுதான்!"