வராத முதுகு

மத்தியானம் இரண்டு மணிக்குப் பட்டறையிலிருந்து வந்த சத்தம் உளிச் சத்தமாக இல்லை.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பிரின்ஸியின் கை நின்றது. கல்யாணமாகி வந்த இந்தப் பதினோரு வருஷத்தில், கொல்லையில் இருக்கும் அந்த ஓட்டுப் பட்டறைக்குள் உளி மேல் கொட்டாப்புளி விழும் தினுசை வைத்தே புருஷன் செதுக்குவது மூக்கா முழங்காலா என்று சொல்லிவிடுவாள். இது அதுவல்ல. ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அறைகிற மாதிரி, கனமாக, சற்று இடைவெளி விட்டு, மறுபடி கனமாக. அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயல்கள் மேல் பங்குனி வெயில் காய, காக்கைகூட வாய் திறக்காத அந்த வேளையில், வைக்கோல் வாசனையும் வார்னிஷ் நெடியும் கலந்த புழுக்கத்தின் ஊடே அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. யார் துவைக்கிறார்கள்? வீட்டில் அவளைத் தவிர ஈ காக்காய் இல்லை.

மரத்தை ஊறப்போட்டு அடிக்கிறார் போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி புடைத்தாள்.

சகாயராஜ் மாதா கோயில்களுக்கு மரத்தில் சுரூபம், அதாவது சாமி சிலை, செய்கிறவன். குத்தாலத்துக்குத் தெற்கே இருந்த அவர்கள் ஊர்க் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையில் ஏற்றி, பிறகு இறக்கி, கைகளை மடக்கிப் படுக்கவைக்கிற பழைய இயேசு சுரூபத்தைக் கரையான் தின்றுவிட்டது. குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருந்த ஊர்ப் பிள்ளைகள் புதுசு செய்யச் சொன்னார்கள். முகம் வந்தது, பாதம் வந்தது, சாட்டையடி பட்ட முதுகு மட்டும் வரமாட்டேன் என்றது. மூன்று தரம் செதுக்கினான். மூன்று தரமும் இழைத்துத் தள்ளினான். அப்புறம் உளியையே தொடாமல் அந்த மொழுக்கென்ற முதுகின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். சோறு இறங்கவில்லை. தூக்கமும் போயிற்று.

கோயில் உபதேசியார் ஜெக்கரியா ஒரு வழவழப் புத்தகத்தோடு வந்தார். "சகாயம், கோவிச்சுக்காத. மெட்ராஸ்ல ஃபைபர்ல ரெடிமேடா கிடைக்குதாம், படம்லாம் போட்டிருக்கான் பாரு. குருத்தோலை ஞாயிறு வரைக்கும் பாப்போம்னு பங்குச் சாமியார் சொல்லிட்டாரு."

அவர் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்து சகாயராஜ் அழுதான். அன்றைக்குத்தான் பிரின்ஸி அந்த வார்த்தையைச் சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவி.

"உங்களுக்கு எப்படிங்க வரும்? பொறந்ததுலேர்ந்து யாரையாச்சும் ஒரு அடி அடிச்சிருக்கீங்களா? அடிபட்ட முதுகச் செதுக்கணும்னா அடிச்சவன் கை வேணும். உங்களது கோழி அறுக்கவே நடுங்குற கை."

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றான்.

மறுவாரம் ஆன்டோ குவைத்துக்குக் கிளம்பினான். ஆன்டோ அவள் தம்பி, இருபத்திரண்டு வயசு. அம்மாவும் அப்பாவும் போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வயிற்றில் ஒன்று தங்காத அவளுக்கு அவன்தான் பிள்ளை. "பம்பாய் எறங்குனதும் சஃபியாக்கா பூத்துக்குப் போன் பண்றேன்க்கா, அழுவாத," என்று அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போனான். சகாயராஜ்தான் சைக்கிளில் உட்காரவைத்துக் குத்தாலம் பஸ்ஸுக்குக் கூட்டிப்போனான். போன வேகத்தில் திரும்பியும் வந்தான்.

அதற்கு மறுநாள் தொடங்கியதுதான் அந்த ஈரச் சத்தம்.

தினம் மத்தியானம். தினம் பிரின்ஸி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நின்றாள். "போன புதுசுல அப்படித்தான்," என்றாள் பூத் வைத்திருந்த சஃபியா. "எங்க வூட்டு ஆளு மூணு மாசம் கழிச்சுத்தான் பேசுச்சு. ஊருல பாதி ஆம்பளைங்க இப்படித்தான கண்ணுல படாமக் கெடக்காங்க?" ஒருவனைக் காணோம் என்றால் பிழைத்துக்கொண்டான் என்று ஊர் சந்தோஷப்பட்ட காலம் அது. பிரின்ஸியும் அப்படியே நினைக்கப் பார்த்தாள்.

வீட்டிலோ சகாயராஜுக்கு உயிர் திரும்பியிருந்தது. மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். "வந்துருச்சு பிரின்ஸி! நீ சொன்னதுதான். அதேதான்," என்று அவளைக் கட்டிக்கொண்டான். அவன் உள்ளங்கையில் கொப்புளம் வெடித்திருந்தது. சட்டையில் வார்னிஷ் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, கறிக்கடைப் பக்கம் போனால் வருவது. பார்க்கவேண்டும் என்றாள். பெரிய வெள்ளி வரைக்கும் ஒருத்தர் கண்ணிலும் காட்டமாட்டேன் என்று நேர்ந்திருப்பதாகச் சொல்லிப் பட்டறையின் இரண்டு வாசலிலும் பூட்டுப் போட்டான். பின்வாசல் வாய்க்கால் பாதையில் திறக்கும். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது.

வேதாரண்யத்து உப்பு வண்டி முருகையன் ஒரு மூட்டையை இறக்கினான். "அண்ணன் கல்லுப்பு சொன்னாருங்க அண்ணி. மாடு கீடு செத்துப்போச்சுங்களா? தோல் பதம் போடுறவங்கதான் இவ்ளோ கேப்பாங்க."

சாப்பிடும்போது கேட்டாள்.

"தோள்பட்டையில தோல் வச்சாத்தான் சுரூபத்துக்குக் கை மடங்கும்," என்றான் அவன். "சந்தைத் தோலு முரடா இருக்கு. நம்மளே போட்டுக்கலாம்னு."

"எந்த மாட்டுத் தோலுங்க?"

"கொழம்பு நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினாள்.

அடுத்த மத்தியானம் அவள் பட்டறைச் சுவரில் காதை வைத்தாள். சுவர் சுட்டது. அறை. இடைவெளி. அறை. அந்த இடைவெளியில் அவள் புருஷனின் குரல், சின்னப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற அதே இதமான குரல்: "பொறுத்துக்கப்பா. இன்னும் கொஞ்சந்தான். சாமி காரியம்." சுரூபத்தோடு பேசுவது அவனுக்குப் பழக்கம்தான். பழக்கம்தானே? காதை இன்னும் அழுத்தினாள். மூச்சு மட்டும் கேட்டது. அது யாருடைய மூச்சு என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. தெரிந்துகொள்ளப் பயந்தாள், அதுதான் நிஜம்.

குருத்தோலை ஞாயிறன்று, சுரூபம் முடியப்போகிறது என்று உபதேசியாரிடம் சொல்ல அவன் கோயிலுக்குப் போனான். பட்டறைக் கதவின் பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

முதுகு.

ஓட்டுக்கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சத்தில் முதுகு. பிய்ந்த சதை, கீழே இழுபட்ட இரத்தம், ஒவ்வொரு வரியிலும் ஓங்கிய கையின் வேகம். ஓரத்தில் மரத்தின் ரேகை ஓடியது. மரம்தான்! மாதாவே, மரம்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் அதற்குப் பின்னால் பார்த்தாள்.

ஊதாத் துணி போர்த்தி இன்னொன்று நின்றது. அதே உயரம். உத்தரத்தில் கட்டிய கயிறு அதன் தலைக்கு மேலே முடிந்தது. கேட்டது ஒரு சுரூபம்தானே? துணியெல்லாம் ஈ. காற்று இல்லை. துணி உள்ளே போயிற்று. வெளியே வந்தது. உள்ளே போயிற்று.

"ஆன்டோ?"

ஈக்கள் எழும்பின.

அடுப்படிக்கு ஓடினாள். அரிவாள். பூட்டின் மேல் ஒரு வெட்டு. இரண்டு. "தம்பி! அக்காடா! இரு!" மூன்று. கொண்டி பிளந்தது. பின்னாலிருந்து ஒரு கை அரிவாளைப் பிடுங்கியது. இன்னொரு கை அவள் கொண்டையைப் பிடித்தது.

"நேர்ச்சைம்மா," என்றான் சகாயராஜ். "கெடுத்துராத."

"எந் தம்பிய என்னடா பண்ணுன? சொல்லுடா!"

அவள் நெற்றியைக் கதவில் மோதினான். பதினோரு வருஷத்தில் முதல் அடி. மறுபடி மோதினான். எலும்பு மரத்தில் விழும் சத்தம் அவளுக்கு உள்ளே கேட்டது. மூன்றாவது அடியில் கதவு சிவப்பானது. அவளைத் திருப்பி, நாடியைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்தான். பிளந்த புருவத்தில் விரலை வைத்து அளந்தான். அவன் கை நடுங்கவே இல்லை.

"மொதல்ல ஊதா. அப்புறந்தான் சிவப்பு," என்று முணுமுணுத்தான். "நான் தப்பாப் போட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை வரை அவளை உள்ளறையில் பூட்டினான். காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னான். ஈரச் சத்தம் செவ்வாயோடு நின்றது. புதன்கிழமை உப்பை அள்ளிக் கொட்டும் சத்தம். வியாழக்கிழமை முழுக்க ஏதோ கொதிக்கும் வாடை.

பெரிய வெள்ளி மத்தியானம் அவளுக்குத் தலையைச் சீவிவிட்டு, முக்காடு போட்டு, கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனான். திரை விலகிச் சுரூபம் சிலுவையில் தெரிந்ததும் கோயிலே விம்மியது. ஆணியைக் கழற்றி இறக்கினார்கள். முதுகைப் பார்த்துப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். ஜெக்கரியா தேம்பினார். கை இரண்டும் உயிருள்ளவனுடையது போலத் தளர்ந்து மடங்கின.

"எந் தம்பி! அய்யோ, எந் தம்பிய அடிச்சே கொன்னுட்டானே! பாருங்கய்யா! பாருங்க!"

தொண்டை கிழியக் கத்தினாள். சுற்றிலும் நூறு பெண்கள் அதே போலத்தான் கதறினார்கள். "பிரின்ஸி அழுவுறதப் பாரு. அழுதா இப்படி அழுவணும்," என்று யாரோ சொன்னார்கள். ஆதரவாகத் தாங்கி முத்தி செய்யும் வரிசையில் விட்டார்கள். வரிசை தள்ளியது. ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு வெள்ளைத் துணியால் துடைத்துவிட, செய்தவனுக்கு மரியாதையாகச் சகாயராஜையே நிறுத்தியிருந்தார்கள்.

"விலாவுல செய்," என்றான் இதமாக. அவள் பிடரியில் கையை வைத்து அழுத்தினான்.

முகம் சுரூபத்தின் அக்குளுக்குப் பக்கத்தில் போயிற்று. தோளையும் கையையும் இணைத்த புதுத் தோல். மெல்லிய தோல். வர்ணத்துக்கு அடியில் ஒரு தழும்பு, வெந்து சுருங்கியது, உள்ளங்கை அகலம். ஆன்டோவுக்கு மூன்று வயசில் கொதிகஞ்சி கொட்டியது. ஒரு மாதம் தேங்காயெண்ணெய் தடவியவள் அவள். எந்த மடிப்பு எங்கே போகும் என்று அவள் விரலுக்குத் தெரியும்.

பிடரியில் அழுத்தம் கூடியது. உதடு பட்டது.

ஈ உட்கார்ந்த மாட்டின் தோலைப் போல அது சிலிர்த்தது.