சதை பிடிக்கும் வரை

பெட்ஷீட்டை அலசி முறுக்கிப் பிழியும்போது கார்குழலியின் உள்ளங்கையில் ஏதோ கீறியது. விரித்துப் பார்த்தாள். துணியின் நடுவில் ஒரு சின்னக் கம்பிச் சுருள், லைட்டருக்குள் இருக்கிற ஸ்பிரிங்கைவிடச் சின்னது. உதறினாள், விழவில்லை. இழுத்தாள், துணிதான் கூட வந்தது. கடைசியில் நகத்தால் இடப்பக்கமாகத் திருகித் திருகித்தான் கழற்ற முடிந்தது. தவறி விழுந்த பொருள் துணிக்குள் அப்படி ஏறி உட்காராது. யாரோ பொறுமையாகத் திருகி ஏற்றியதுபோல் இருந்தது. அதைச் சோப்பு டப்பாவின் மூடியில் போட்டுவிட்டு மீதித் துணியைத் துவைத்தாள்.

எர்ணாவூரில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் வந்து மூச்சடைக்கும். மூடினால் புருஷன் அசோகன் இருந்தான், மூச்சடைக்க அவன் ஒருவனே போதும். ஹார்பரில் லாஷிங் வேலை பார்த்தவன் அவன். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் கடலில் சரியாமல் இருக்க இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை. கட்டிக் கட்டியே ஹெர்னியா வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் மூன்று ஓட்டை மட்டும் போட்டு, உள்ளே ஒரு வலையை விரித்து வைத்தார்கள். அங்கே அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்தது: பாதிப் பேருக்கு வலையைப் பசை போட்டு ஒட்டினார்கள், மீதிப் பேருக்குச் சுருள் ஆணியால் பொருத்தினார்கள். எது நாள்பட நல்லது என்று பார்க்கிறார்களாம். அசோகனுக்கு ஆணி.

டாக்டர் அன்றைக்கே விளக்கமாகத்தான் சொன்னார். வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும்வரைதான் ஆணிக்கு வேலை, அதற்கு இரண்டு மாதம் போதும் என்றார். அப்புறம் ஆணி என்ன பண்ணும் என்று கார்குழலி கேட்டாள். டாக்டர் சிரித்தார்.

"அப்புறம் அதுக்கு வேலை இல்லம்மா. சும்மா இருக்கும்."

அசோகனும் அப்படித்தான் ஆனான். வலி போகவில்லை. வேலையை விட்டான், வீட்டில் சும்மா இருந்தான். சும்மா இருக்கிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் இல்லையா? இறால் கம்பெனி வேலை முடிந்து அவள் திரும்பச் சற்றுப் பிந்தினால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். போனைப் பிடுங்கிப் பார்த்தான். அவிழ்த்துப் போட்ட சேலையை முகர்ந்தான். ஒருநாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் மீஞ்சூர் அக்காவிடம் காட்ட ஒரு தடமாவது இருந்திருக்கும். படுக்கும்போது மட்டும் அவள் முதுகு அவன் வயிற்றுத் தழும்பில் அழுந்தியிருக்க வேண்டும், அந்தச் சூட்டில்தான் வலி அடங்கும் என்பான். ஆறு வருஷமாக அவள் அவனுக்கு ஒத்தடத் துணி. அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது.

போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள். மீஞ்சூரில் அக்கா ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பை தயாராக இருந்தது. வியாழக்கிழமை அவனுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. வந்ததும் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவான். அந்த நேரத்தில் ரயிலேறிவிட வேண்டும்.

புதன்கிழமை காலையில் எழுந்தபோது நைட்டி மெத்தையை விட்டு வரவில்லை. முதுகுப்பக்கம் இரண்டு சுருள்கள், துணியையும் மெத்தை உறையையும் சேர்த்துத் திருகியிருந்தன. கழற்றி, சோப்பு மூடியில் கிடந்ததோடு சேர்த்து, டாக்டரிடம் காட்டலாமென்று ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து டிரம்முக்குப் பின்னால் கையை விட்டாள். பையின் ஜிப்பும் அதேபோல் ஒரு சுருளால் திருகி மூடப்பட்டிருந்தது. அந்தச் சுருளின் உள்வளையத்தில் மெல்லிசாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். இறைச்சி நாற்றம் அடித்தது.

பை இருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்தாள். தெரிந்திருந்தால் கட்டிடமே கேட்கும்படி கத்தியிருப்பானே, ஏன் கத்தவில்லை என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்போது வேறொரு டாக்டர். வலை நன்றாகப் பிடித்திருக்கிறது, குடல் திரும்ப இறங்கவில்லை, சிலருக்கு நாள்பட்டும் வலி இருக்கத்தான் செய்யும் என்று கடகடவென்று சொன்னார். பிறகு எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உங்களுக்குப் பசைதான் போட்டிருக்காங்க. ஆணின்னு தப்பா எழுதிட்டாங்க போல. படத்துல ஒரு ஆணிகூட இல்ல பாருங்க."

கார்குழலி இடுப்பிலிருந்த முடிச்சை அவசரமாக அவிழ்த்தாள். போட்ட முடிச்சு அவிழ்க்கும்வரை போட்டபடியேதான் இருந்தது. உள்ளேதான் ஒன்றுமில்லை. டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் அசோகன் வயிற்றுத் தழும்பைத் தடவிக்கொண்டே வந்தான். திருவொற்றியூர் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினான்.

"கேட்டுக்கினியா? எனுக்குள்ள ஒன்னுமே இல்லியாம். அப்போ அதெல்லாம் எங்க பூட்ச்சி?"

"எனுக்கு இன்னா தெரியும்" என்றாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். எர்ணாவூரில் இறங்கும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை விழுங்கினான், சட்டையைக் கழற்றிப் போட்டான், படுத்து மெத்தையைத் தட்டினான். இன்றைக்கு முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தூங்க மாட்டான். குறட்டை வரும்வரைதான், கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டு அவனுக்கு முதுகு காட்டிப் படுத்தாள். ரவிக்கைக்குக் கீழே வெறும் இடுப்பில் அவன் தழும்பு சூடாக வந்து அழுந்தியது.

கரன்ட் போனது. மின்விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றதும், எக்ஸ்பிரஸ் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் டிரெய்லர் லாரிகளின் உறுமலும், கீழ்வீட்டு ஜஹானாரா பாத்திரம் தேய்க்கிற சத்தமும், ஜன்னல் இடுக்கில் நுழைகிற ரசாயன நெடியும், அவன் உடம்பிலிருந்து கிளம்பிய ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து அந்த அறையை நிறைத்தன. அவன் மூச்சு சீரானது. குறட்டை தொடங்கியது. லாரிகள் அடங்கின. பாத்திரச் சத்தமும் நின்றது.

அப்போது இன்னொரு சத்தம் கேட்டது.

ரொம்பச் சின்னச் சத்தம். திருகுகிற சத்தம்.

இடுப்பில் எறும்பு கடித்ததுபோல் இருந்தது. தட்டிவிடக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். அவன் வயிற்றுக்கும் அவள் இடுப்புக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. இன்னொரு கடி. கொஞ்சம் மேலே. இன்னொன்று.

எழ வேண்டும். இப்போதே.

காலை ஊன்றி உந்தினாள். வலி பளீரென்று முதுகுத்தண்டு வரைக்கும் ஏறியது. சூடாக ஏதோ வழிந்து மெத்தையில் இறங்கியது. பின்னால் அவன் உடம்பும் கூடவே நகர்ந்து வந்தது.

குறட்டை நின்றிருந்தது.

"அசையாத" என்றான் அசோகன், அவள் காதுக்குப் பின்னாலிருந்து. குரலில் தூக்கமே இல்லை. கோபமும் இல்லை. "கொஞ்ச நாளிக்குத்தான். சதை புடிச்சிகிச்சின்னா அப்பால ஆணி வோணாம்."

விம்கோ நகர்ப் பக்கம் மீஞ்சூர் போகிற ரயில் ஹாரன் அடித்தது. அவள் கத்த வாயைத் திறந்தாள். அவன் நிதானமாக மூச்சை விட்டான். அவன் வயிறு உள்ளே போனது. அவள் இடுப்புத் தோலும் அதோடு போனது.