உரிமையாளர் தங்கும் நாட்கள்

சின்னவள் வீட்டு மாடியில் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு கார்கூட இல்லை.

பெரியவள் தன் வீட்டு ஜன்னலைத் துடைத்துக்கொண்டே இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். எட்டேதான். ஏரியைப் பார்த்தபடி, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் நின்றார்கள். ஏரி பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள், கத்துவார்கள், குழந்தையை அதட்டுவார்கள். இவர்கள் காலை பத்து மணிக்கும் இப்படித்தான் நின்றார்கள். மணி மூன்றாகியும் அசையவில்லை.

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்திலேயே முதுகு சில்லிட்டிருக்கும். பெரியவளுக்கு வயிறுதான் எரிந்தது. திங்கட்கிழமை அதுவுமாக எட்டுப் பேர்! அவளுக்கு மட்டும் எங்கிருந்துதான் வருகிறார்களோ!

அவர்களுடைய கணவர்களான அண்ணன் தம்பி இருவரும் ஒரே மனையைப் பாதியாகப் பிரித்துக் கட்டிய வீடுகள் அவை. நகரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடத்தான் கட்டினார்கள். ஒரே மேஸ்திரி, ஒரே டைல்ஸ், ஒரே கடையில் வாங்கிய சோபா. ஏன், பெரியவள் வீட்டில் ஒரு பால்கனி கூடுதல்கூட. ஆனால் ஓரகத்தி வீட்டில் மாசம் முழுக்க ஆள். இவள் வீட்டில் பல்லி.

"இந்த சீசன் வரைக்கும் பாரு. அப்புறம் தம்பிக்கே குடுத்துடலாம். அவன் பொண்டாட்டிதான் கேட்டுக்கிட்டே இருக்காளே" என்று கணவர் சொல்லிவிட்டார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. யாரோ முகம் தெரியாதவனுக்குப் போனால் போகட்டும், சின்னவளுக்கா? மகாராணிக்கு ஒரு வீடு பத்தவில்லையா? அதுவும் எப்படிக் கேட்டாள் தெரியுமா? "அப்படியே குடுங்கக்கா. சாமான் வேணாம், ஆளும் வைக்க வேணாம். காலியா இருந்தாலே போதும்." என்ன நடிப்பு!

வீட்டை எடுத்து நடத்தித் தருகிற கம்பெனிகளைத் தேடினாள். முதலில் வந்தவர் வாயாலேயே வீட்டை நிரப்பிவிட்டார். சோபா மேல் நாலு குஷன் போட்டால் போதும், சனம் கூரையைப் பிய்த்துக்கொண்டு வரும் என்றார். இரண்டாவது கம்பெனிக்காரி கையில் அளவு நாடாவோடு வந்து கட்டிலையெல்லாம் அளந்தாள். இருவரும் ஒன்றை மட்டும் ஒன்றுபோலக் கேட்டார்கள்: "நீங்க வந்து தங்குறதுக்குன்னு வருஷத்துல எத்தன நாள் ஒதுக்கணும் மேடம்? ஒரு வாரமாவது வச்சுக்குங்க. எல்லாரும் வச்சுக்குவாங்க." பெரியவளுக்கு அது பிடிக்கவில்லை. சின்னவள் வீடு நிரம்பும் நாளில் தன் வீடு ஒரு வாரம் சும்மா கிடப்பதா?

உன் வீட்டை எந்தக் கம்பெனி நடத்துகிறது என்று சின்னவளிடமே கேட்டுப் பார்த்தாள்.

"வேணாம்க்கா. அவங்க உங்களுக்குச் சரிப்பட மாட்டாங்க."

சரிப்பட மாட்டார்களாம்! இவளுக்கு மட்டும் சரிப்படுமாம்! அன்று பூராவும் பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே காரை எடுத்துக்கொண்டு போய், சின்னவள் வீட்டு கேட்டில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரிலிருந்து நம்பரை எழுதிக்கொண்டாள்.

அந்தக் கம்பெனி மேனேஜர் சத்தமே இல்லாமல் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, தாழ்ந்த குரல். குஷனைப் பற்றிப் பேசவில்லை, கட்டிலை அளக்கவில்லை. ஒவ்வொரு அறைக்குள் போகும் முன்னும் மூடிய கதவை மெல்ல இரண்டு முறை தட்டினார்.

"உள்ள யாரும் இல்லைங்க" என்றாள் பெரியவள்.

"இப்போ இல்ல" என்றார் அவர். "எப்படி வேணும்னு சொல்லுங்க."

"பக்கத்து வீட்டுல என்ன செய்யறீங்களோ அதேதான். துளி குறையக் கூடாது."

அவர் ஒரே ஒரு தாளை நீட்டினார். உரிமையாளர் தங்கும் நாட்கள் என்று ஒரு கட்டம், அதன் கீழே கையெழுத்துக்கு இடம், அவ்வளவுதான்.

"பக்கத்து வீட்டுக்காரங்க இதுல என்ன எழுதினாங்க?"

"ஒண்ணும் இல்லன்னு எழுதினாங்க."

பெரியவள் பேனாவை வாங்கி, ஒரு நாளும் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதினாள்.

"ஒரு தடவ வாயாலயும் சொல்லிடுங்க. உங்க வீட்டுல உங்களுக்குன்னு ஒரு நாளும் வேணாம்."

"வேணாம், வேணாம்! எத்தன தடவ சொல்றது?"

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகும்போது வெளியே நின்று, அவள் வீட்டு வாசல் கதவையும் இரண்டு முறை தட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் போனில் புக்கிங் காலண்டர் முழுக்கச் சிவப்பு. எல்லா நாளும் நிரம்பிவிட்டது. பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டு, கூடவே சிரிக்கிற பொம்மை மூன்றையும் போட்டாள். கொழுந்தனார் கைதட்டினார், நாத்தனார் வாயைப் பிளந்தாள். சின்னவள் மட்டும் போன் செய்தாள்.

"அக்கா, கையெழுத்துப் போட்டுட்டீங்களா? உங்களுக்குன்னு நாள் வச்சீங்களா? ஒரு நாளாவது வச்சீங்களாக்கா?"

அழுதுகொண்டிருந்தாள். பெரியவளுக்குக் காதில் தேன் பாய்ந்தது. அழட்டும், நன்றாக அழட்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, நிரம்பிய வீட்டைக் கண்ணாரப் பார்க்கலாம் என்று தனியாகக் கிளம்பிப் போனாள். போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்து, ஏரித் தண்ணீர் ஈயம் பூசியது போலக் கிடந்தது. மாடியில் எட்டுப் பேர். அவளுடைய மாடியில். வாசலில் காரும் இல்லை, செருப்பும் இல்லை.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே, நாள்கணக்கில் மூடி வைத்த பெட்டியைத் திறந்தால் வருமே அப்படி ஒரு புழுக்க வாடை. அதற்கடியில் ஈரத் துணியின் நெடி. எங்கோ குழாய் சொட்டுகிற ஓசை என்று நினைத்துக் காதைக் கொடுத்தால், அது பல பேர் ஒரே சீராக மூச்சுவிடும் ஓசை. ஹாலில் நாலு பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள். சமையலறையில் மூன்று பேர், அணைந்த அடுப்பைப் பார்த்து. எல்லாம் முதுகுகள்தான். அவள் நடக்க நடக்க, திரும்பாமலேயே ஓரடி விலகி வழிவிட்டார்கள்.

"யாரப் பார்க்கணும்?" என்றது ஒரு முதுகு.

"நான்... நான் வீட்டுக்காரி."

மூச்சுகள் நின்றன. எல்லாமே ஒரே சமயத்தில்.

"வீட்டுக்காரங்களுக்கு நாள் ஒதுக்கலையே."

அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோதுதான், மரத்தடியில் நின்ற இன்னொரு காரைப் பார்த்தாள். பின்சீட்டில் தலையணை, போர்வை, பிளாஸ்டிக் பையில் துணிமணி. ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சின்னவள். எவ்வளவு இளைத்திருந்தாள்!

"காருக்குள்ளயா இருக்க?"

"ஆறு மாசமா" என்றாள் சின்னவள். "என் வீடுன்னு எது எதுல எனக்கு இடம் இருந்துச்சோ, அது எல்லாத்துலயும் வந்துட்டாங்க, நாங்க குடியிருக்கற வீட்டுலயும். உங்க வீடு ஒண்ணுதான் காலியா இருந்துச்சுக்கா. அதுல ஒரு மூலையில படுத்துக்கலாம்னுதான் கேட்டேன்."

"உன் புருஷன் ஒண்ணும் சொல்லலையே! நேத்துகூட குரூப்புல பேசினாரே. நீயும்தான் அவர் பக்கத்துல உக்காந்து போட்டோ..."

"அது நான் இல்ல."

பெரியவள் அவளையே பார்த்தாள். அந்த நொடியிலும், கடவுளே, அவள் மனசில் ஒரு மூலை சொன்னது: நடிக்கிறாள், வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறாள். அடுத்த நொடி தன் காரை எடுத்துப் பறந்தாள்.

வழி நெடுகக் கணவருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மகளுக்குச் செய்தாள். எடுக்கவில்லை. நகரத்து வீட்டுக்கு வந்தபோது ஏழரை மணி. டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெளிச்சம். உள்ளே கணவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவளிடம் அவர் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று! யாரோடு? பயத்துக்கு முன்னால் அதுதான் சுருக்கென்று தைத்தது.

சாவி பூட்டுக்குள் போகவில்லை. இரண்டாம் முறையும் போகவில்லை. பெல்லை அடித்தாள்.

மகள்தான் திறந்தாள். சங்கிலி போட்டபடியே, கொஞ்சமாக.

"யாரு வேணும் ஆன்ட்டி?"

"ஏய், நான்டீ. அம்மாடீ. கதவைத் திற."

மகள் முகம் சுளித்தாள். உள்ளே திரும்பினாள்.

"அம்மா! யாரோ வந்திருக்காங்க!"

"இரு கண்ணு, கை ஈரமா இருக்கு."

பெரியவளின் குரல். அவளுடைய குரலேதான்.

சமையலறையிலிருந்து காலடி. ஹாலைத் தாண்டியது. கணவர் தலைமுடியைப் போகிற போக்கில் ஒரு கை கோதிவிட்டது. அவர் அந்தக் கையைப் பிடித்து ஒரு நொடி வைத்திருந்த பிறகே விட்டார்.

கதவிடுக்கில் வந்து நின்றது. இவளுடைய நைட்டி. இவளுடைய தோடு. மூக்கும் வாயும் வந்துவிட்டிருந்தன. அதற்கு மேலே, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் தோல்.

மகள் அந்த முகத்தை அண்ணாந்து பார்த்து, "யாரும்மா இவங்க?" என்று கேட்டபடி அதன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.